பலகையில் இரண்டு ‘உ’

ஐப்பசி, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மூடுபனி. குன்னூர் பஸ் ஸ்டாண்டே கண்ணில் படவில்லை, ஹாரன் மட்டும் கேட்டது.

முதலாளியோடு (மு.) பங்களா ஏலத்துக்குப் போனேன். சீமைக்குத் திரும்பும் வெள்ளைக்காரக் கிழவி, செத்துப்போன புருஷனின் தச்சுச் சாமானை எல்லாம் புல்தரையில் பரப்பி வைத்திருந்தாள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்த எங்களைப்போல அவளும் சொந்த ஊருக்குத் திரும்புகிறாளாம். அவளுக்குக் கப்பலில் தனி அறை இருக்கும். முகாமில் சோற்றுக்கு வரிசை இருக்காது.

போனது புறாவால் மூட்டுச் சட்டத்துக்காக. ட்ராயர் மூலையில் இரண்டு பலகையும் விரல் கோத்ததுபோல் பிடித்துக்கொள்ளுமே, அந்த மூட்டை இதுவரை உளியும் கொட்டாப்புளியும் வைத்துக் கையால்தான் வெட்டினோம். இப்போது மு. ஒரு தேயிலைத் தரகரிடம் பெரிய அலமாரிக்கு ஒப்புக்கொண்டுவிட்டார். சாம்பிள் தேயிலை டப்பா வைக்க. அலமாரி முழுக்க ட்ராயர். கையால் வெட்டினால் சித்திரை வந்துவிடும்.

இரண்டு சட்டம் இருந்தது. பலகைமேல் இறுக்கி, பல் இடுக்கு வழியாக ரூட்டர் மிஷினை ஓட்டினால் மூட்டு விழும். ஒன்று அலுமினியம், பளபளவென்று, பல்லை இஷ்டத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று வார்ப்பிரும்பு, கனம், பல் நகராது. மு. கண் அலுமினியத்தில். நான் இரண்டையும் ஆட்டிப் பார்த்தேன். அலுமினியம் லேசாகக் கிடுகிடுத்தது. இரும்புதான் வேணும் என்றேன்.

“ஏப்பா, அதுல ஒரே அளவுதான வரும்?”

“ஒரே அளவு வந்தாப் போதுங்க. ஆடக்கூடாது.”

ஆடினால் மிஷின் எகிறும். மிஷின் எகிறினால் கை. அதை அவரிடம் சொல்லவில்லை. வேலைக்காரன் பயப்படுகிறான் என்று முதலாளிக்குத் தெரிந்தால் அடுத்த ஆளைத் தேடுவார்.

கூடவே ரூட்டர் மிஷினும் வந்துவிட்டது. இரண்டு கைப்பிடி, நடுவில் சுழலும் வெட்டு அலகு, அதுதான் பிட்டு. அதுவும் அந்தப் புருஷன் வைத்திருந்ததுதான். அவனுக்கு விரல் எல்லாம் இருந்ததா என்று கிழவியைக் கேட்க வாய் வந்தது. இங்கிலீஷ் வரவில்லை.

திங்கள்

தூறல். கரண்ட் இருந்தது, இல்லாமல் இருந்திருக்கலாம்.

கூட வேலை பார்க்கும் பழனி (ப.), அன்னூர்க்காரர், சட்டத்தைப் பார்த்ததும் “ஏனுங் சிலோன் பாஸ், இது என்னுங் பேன் சீப்பாட்ட இருக்குது?” என்றார். அதிலிருந்து பட்டறையில் அதற்குப் பெயர் சீப்பு.

சிலோன் பாஸ் என்ற பெயர் எனக்கு வந்த கதை: அந்தப் பக்கம் தச்சரை பாஸ் என்போம். வேலை கேட்டு வந்த அன்று “நான் பாஸுங்க” என்று சொல்லிவிட்டேன். மு. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்ப நான் யாருப்பா?” என்றார். சிரித்து முடித்தபிறகுதான் வேலை கொடுத்தார்.

மிஷினை நான்தான் பிடிக்கவேண்டுமாம். ப. சோடாபுட்டிக் கண்ணாடி, பனியில் மங்கிவிடுகிறது. மு. சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

சில்வர் ஓக் துண்டுகளில் பழகிப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டதும் அப்படி ஓர் ஊளை. சிலோனில் தோட்டத்து ஃபாக்டரியில் காத்தான் அண்ணன் கை ரோலருக்குள் போனபோது நான் பக்கத்தில் நின்றேன். அண்ணன் கத்தவில்லை. “ஐயோ, கையக் காணோமே” என்று யாரிடமோ விசாரிப்பதுபோல்தான் சொன்னார். அந்தக் குரல் இன்றைக்கு முழுக்க மிஷினுக்குள்ளிருந்து வந்தது.

தெரிந்துகொண்டது:
லூசா? பிட்டை இறக்கு. டைட்டா? ஏற்று. (தலைகீழாகத் தெரிகிறது, ஆனால் அப்படித்தான்.)
ஓடும்போது தூக்காதே. சீப்பின் பல்லும் போகும், மரமும் போகும்.
முழுக்க நின்றபிறகு கை.
முகப்புப் பலகையைப் படுக்கவை. உள்பக்கம் மேலே. பிட்டு கடிப்பது மேல்பக்கத்தை.

கடைசியாகச் செய்த மூட்டு தட்டியதும் உட்கார்ந்தது. மு. இழுத்துப் பார்த்தார், வரவில்லை. “சபாஷ்” என்றார். நான் வெளியே போய் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற வரக்கி பிஸ்கட்டு சேரவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

செவ்வாய்

கொட்டும் மழை. மஞ்சூர் ரோட்டில் மண் சரிந்து பஸ் இல்லை. கரண்டும் இல்லை. கடவுள் இருக்கிறார்.

பூமணிக்கு (பூ.) எட்டாம் மாதம். கால் வீங்கியிருக்கிறது. மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“என்னாங்க, ராத்திரி தூக்கத்துல கைய ஒதறிக்கிட்டே கெடந்தீங்க. அந்த மிசினா?”

“சும்மா. புது மிசினு.”

“வெரலுக்கிட்ட வருமா?”

“வராது. ரெண்டு கையும் பிடியிலதான் இருக்கும்.”

“காத்தான் மாமா கையும் எங்கயோதான இருந்திச்சு.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவள் என் கையையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று கத்திவிட்டேன். பாவம், அவள் சாப்பிடவே இல்லை, பரிமாறிக்கொண்டிருந்தாள்.

இந்த வேலை போனால் வீடும் போகும். பட்டறைக்குப் பின்னால் மு. கொடுத்த ஓர் அறைதான் வீடு. அதற்கு முன்னால் சேரங்கோட்டில், தேயிலைத் தோட்டத்தில் பூ.வின் அண்ணனுடைய லயத்து வரிசை வீட்டில் ஒண்டியிருந்தோம். ஒருநாள் விடியும் நேரத்தில் யானை வந்து அடுப்படிச் சுவரைத் தள்ளிவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் பூ. படுத்திருந்தாள். இன்னமும் லாரி உறுமினால் எழுந்து உட்காருகிறாள். புள்ளத்தாச்சியை மறுபடியும் அங்கே கூட்டிப்போக என்னால் ஆகாது. மிஷினைப் பிடிக்கத்தான் வேண்டும்.

புதன்

மழை விட்டது. குளிர் ஏறிவிட்டது.

மு. ஈட்டி மரப் பலகைகளை இறக்கினார். அவர் அப்பா காலத்தில் வாங்கிப் பரணில் போட்டது. இனிமேல் இப்படி மரம் கிடைக்காது, கேட்டாலே ஃபாரஸ்ட்காரன் வருவான் என்றார். ட்ராயர் முகப்புக்கு மட்டும் இது. பக்கப் பலகைக்கு சில்வர் ஓக்.

ஈட்டி இழைத்ததும் தூசு படிந்து இரண்டு பக்கமும் ஒரே மங்கலாக இருக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால்தான் வைரம் ஓடிய பக்கம் எது, வெள்ளைக் கறை விழுந்த பக்கம் எது என்று தெரியும், காய்ந்ததும் மறுபடியும் மங்கிவிடும். மு. ஒவ்வொன்றாகத் துடைத்து, கறைப் பக்கத்தை ப.விடம் காட்டினார். அதுதான் உள்பக்கம். ப. அதில் பென்சிலால் குறி போட்டார்.

“உள்னு முழுசா எழுதோணுமுங்களா?”

“உ போதும். எனக்குப் புரியும்,” என்றேன். எழுதவே கை விறைக்கிற குளிர்.

பூ. எப்போதும் சொல்வாள், “எல்லாத்தையும் சுருக்கிச் சுருக்கி எழுதுவீங்க, ஒங்க பேரயாச்சும் முழுசா எழுதுவீங்களா?” என்று.

சாயங்காலம் மேட்டில் விறகு லாரி சேற்றில் மாட்டிக்கொண்டது. எல்லாரும் தள்ளப் போனோம். திரும்பி வந்தால் பூ. பட்டறையில் நிற்கிறாள், தூக்கில் டீ ஆறிப்போயிருக்கிறது. மூச்சு வாங்கியது அவளுக்கு.

“இவ்வளவு நேரம் நின்னுக்கிட்டா இருந்தே? உக்காரக்கூடாது?”

“வேல இருந்திச்சு,” என்றாள். பட்டறையில் அவளுக்கு என்ன வேலை? கேட்கவில்லை. ப. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு “தண்ணியாட்ட இருந்தாலும் சூடா இல்லீங்” என்று அவளைச் சிரிக்க வைத்தார்.

நாளைக்கு வெட்ட வேண்டும்.

வியாழன்

எழுத முடியவில்லை. ஆனாலும்.

காலையில் கரண்ட் வந்தது. பல்பு மஞ்சளாக, உயிரில்லாமல் எரிந்தது. வாசலில் பனி. ஒவ்வொரு பலகையாக எடுத்து, ‘உ’ தெரிகிறதா, மேலே வை, இறுக்கு, சுவிட்ச். இது மட்டும்தான் செய்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. பாதி நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் இருந்தேன். மிஷின் ஊளையிட, மரத்தூள் முகத்தில் அடிக்க, முருகா முருகா என்று வாய்க்குள். முடிந்தபோது கை இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அழுகை வந்தது, சந்தோஷத்தில்.

பிறகு மு. ஈரத்துணியோடு வந்தார்.

முதல் பலகை சரி. இரண்டாவதைத் துடைத்தார். வைரம் கறுப்பும் செம்புமாக அப்படியே ஓடி வந்து, ஓரத்தில் மிஷின் கடித்த பள்ளத்தில் விழுந்தது. நல்ல பக்கத்தை வெட்டியிருக்கிறேன். அடுத்ததும் அப்படி. பிறகு ஒன்று சரி. மறுபடியும் இரண்டு தப்பு. ஏறக்குறைய பாதி.

“உ பாத்துத்தாங்க வச்சேன்,” என்றேன்.

மு. பலகையைத் திருப்பினார். அந்தப் பக்கமும் ‘உ’. எல்லாவற்றையும் திருப்பிப் பார்த்தோம். எல்லாப் பலகையிலும், இரண்டு பக்கமும், ‘உ’.

“பழனீ!”

ப. வந்து குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். “நான் ஒரு பக்கந்தானுங்க போட்டேன்.”

“அப்பறம் இது எங்கிருந்து வந்துது? மரத்துலயே மொளச்சுதா? கண்ணு தெரியாதவனையெல்லாம் வச்சுக்கிட்டு நான் சீரழியறேன். எங்கப்பன் பாத்துப் பாத்து வச்ச மரமய்யா இது! நாளையிலிருந்து நீ வராத. போ!”

ப. இழைப்புளியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மழை இல்லை, குடையை விரித்திருந்தார்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளி

பனி. ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை, நல்லதுதான்.

பட்டறையில் நான் மட்டும். பலகைகளை ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்து ‘உ’ அவசரமாக, ரெண்டாம் நம்பர் மாதிரி, சாய்வாக. அது ப. கை. இன்னொரு பக்கத்து ‘உ’ வேறு. மேல் சுழியை முழு வட்டமாக மூடி, கீழ்க்கோட்டை நேராக, மெதுவாக இழுத்து, பென்சிலை அழுத்தி நிறுத்தியது.

அந்தச் சுழி எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுச் சக்கரை டப்பாமேல் ‘உப்பு’ என்று தப்பாக எழுதி ஒட்டியிருக்கிறாளே, அதே ‘உ’.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் சோற்றுக்குப் போனேன். சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

“புதங்கெழம பலகையில ஏதாச்சும் எழுதினியா?”

அவள் முகம் சிவந்துவிட்டது. “கண்டுட்டீங்களா? புள்ளையார் சுழிங்க. நீங்க வெட்டுற ஒவ்வொரு பலகைக்கும் ஒண்ணு. வெரலு போயிறக் கூடாதுன்னு.”

“பின்னால ஏற்கனவே இருந்திச்சே?”

“ஆமா, பாத்தேன். பழனி அண்ணனுக்கும் ஒங்கள நெனச்சுப் பயம்போலன்னு நெனச்சுக்கிட்டேன். நல்ல மனுசன். ஆனா அவரு கறை விழுந்த பக்கமா போட்டுட்டாரு. சாமி எழுத்த அப்படிப் போடலாங்களா? நானு ஒவ்வொண்ணையும் தொடச்சு, நல்ல பக்கமா பாத்து, அதுல போட்டேன்.”

அதுதான் வேலை இருந்தது என்றாளே, அது. அவளுக்கு எதுவும் தெரியாது. ப. வராததற்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

என் கையை எடுத்துப் பார்த்தாள். “பாத்தீங்களா, ஒரு கீறல் இல்ல.”

பட்டறைக்குத் திரும்பி வந்தேன். மு.விடம் சொன்னால் வீடு போகும். இந்த மழையில், இந்த வயிற்றோடு, மறுபடியும் அந்த லயத்துச் சுவர். சொல்லாவிட்டால் பழனி. அவர் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும். மு. பலகையை அளந்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். காகிதத்தின் தலையில் வழக்கம்போல் ஒரு ‘உ’ போட்டுவிட்டுத்தான் அளவை எழுதினார். தினமும் பார்க்கிற காகிதம். இன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் இருமினேன்.

சனி

வெயில். யாருக்கு வேண்டும்.

ராத்திரி முழுக்க யோசித்து ஒரு பொய் தயார் செய்தேன்: நானே போட்டேன், மறந்துவிட்டேன். காலையில் மு. முன்னால் நின்றதும் அந்தப் பொய் எங்கே போனதென்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மிஷினைக் கண்டால் பயம் என்பதையும். காத்தான் அண்ணனையும். யானையையும்கூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். யானைக்கு இங்கே என்ன வேலை.

மு. கெட்டுப்போன பலகை ஒன்றை எடுத்து, பூ. போட்ட ‘உ’வின்மேல் கட்டைவிரலை வைத்தார். அழிக்கப்போகிறார் என்று நினைத்தேன். விரலை எடுத்துவிட்டார்.

“புள்ளையாரு கரெக்டா நல்ல பக்கமாத்தான் உக்காந்திருக்கறாரு. நீதான் அவரு தலமேலயே மிஷின ஓட்டிப்போட்டே.”

“தப்புத்தாங்க.”

“எழுத்தப் பாத்தியே, மரத்தப் பாத்தியா? ஒரு பொட்டுத் தண்ணி தொட்டுத் தொடச்சிருந்தா, எந்தப் பக்கம்னு மரமே சொல்லியிருக்குமே?”

“கண்ண மூடிக்கிட்டேங்க.”

“எப்ப?”

“மிசினு ஓடுறப்ப.”

மு. உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துப்போனது. “அட கெரகமே! கண்ண மூடிக்கிட்டா அத்தன பலகையும் ஓட்டுனே? கை போயிருந்தா உம் பொண்டாட்டிக்கு நானென்ன பதில் சொல்லுவேன்?”

மரத்துக்குத் திட்டியதைவிட அதற்கு அதிகமாகத் திட்டினார். என் பரம்பரையை இழுத்தார், சிலோனை இழுத்தார், அந்த வெள்ளைக்காரக் கிழவியையும் இழுத்தார். கடைசியில், “போ. மொதல்ல பழனியக் கூட்டியா. நான் சொன்னேன்னு சொல்லு. வேண்டாம், நானே வாரேன்.”

இரண்டு பேரும் இறங்கிப் போனோம். ப. வாசலில் குடைக் கம்பியை முறுக்கிச் சரிசெய்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரிக்கவில்லை. “என்ற கண்ணு அவ்வளவு மோசமாயிருச்சோன்னு ரெண்டு நாளா ஒத்தக் கண்ண மூடி மூடிப் பொண்டாட்டி மூஞ்சியப் பாத்துட்டிருந்தனுங்க,” என்றார். அவருக்கும் பயம்தான். அப்புறம்தான் சிரித்தார். மு.வும் மன்னிப்பு என்ற வார்த்தை இல்லாமல் ஏதேதோ பேசினார், வெற்றிலை கொடுத்தார்.

வழி சொன்னதும் ப.தான். கடித்த ஓரத்தை இரண்டு பக்கமும் அறுத்துத் தள்ளிவிட்டு, எல்லா ட்ராயரையும் அதே அகலத்துக்குக் குறுக்கிவிடலாம். அலமாரிச் சட்டம் இன்னும் செய்யவில்லையே. டப்பா உள்ளே போகுமா என்று மு. ஒரு சாம்பிள் டப்பாவை வைத்துப் பார்த்தார். போகிறது, நெருக்கமாக.

அப்படியென்றால் எல்லாப் பலகையையும் மறுபடியும் வெட்டவேண்டும். நான்தான்.

வீட்டைப் பற்றி மு. ஒன்றும் சொல்லவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஞாயிறு

தூறல். பூ.விடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழுந்து மூட்டை கட்ட ஆரம்பித்தாள். பானை, பாய், குழந்தைக்கென்று தைத்து வைத்த துணி. “அவரு சொல்றதுக்கு முந்தி நாமளே கெளம்பிறலாங்க.” எவ்வளவு சொல்லியும் நிறுத்தவில்லை. சாயங்காலம் மூட்டைமேலேயே உட்கார்ந்திருந்தாள்.

திங்கள்

பனி, ஆனால் வெளிச்சம் பரவாயில்லை. கரண்ட் பத்து மணிக்கு வருமாம்.

பழனி நேற்றே வந்து எல்லாப் பலகையிலும் முழுசாக எழுதிவிட்டார். ஒரு பக்கம் உள். மறுபக்கம் வெளி. நானும் ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் துடைத்து, மரத்தையும் பார்த்து, எழுத்தையும் பார்த்து அடுக்கினேன்.

முதலாளி வந்தார். அறை வாசலில் மூட்டையைப் பார்த்துவிட்டார்.

“இதென்னது?”

பூமணி எழுந்து நின்றாள். “நாந்தாங்க எழுதினது. அவரு மேல தப்பில்லீங்க.”

எப்படியோ கேட்டுவிட்டேன். “ஐயா, வீடு...”

“ஊட்டுக்கென்ன? ஒழுகுதா?”

“இல்லீங்க.”

“அப்பறம்? மூட்டையப் பிரிச்சுப் போடச்சொல்லு, ஈரத்துல துணி நாத்தமடிக்கும்.” இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். “ஏம்மா, இனி பலகையில எழுதாத சாமி. மிஷின்மேல போடு. பெருசாப் போடு, அவன் கண்ணத் தொறந்து பாக்கட்டும்.”

பூமணி முதலாளியிடம் சாக்பீஸை வாங்கிக்கொண்டு போய், மிஷின் தலையில் ‘உ’ போட்டாள். முதல் தடவை சுழி கோணிவிட்டது. அழித்து மறுபடியும் போட்டாள்.

பயம் போகவில்லை. ஆனால் கண்ணை மூடமாட்டேன்.

பல்பு எரிகிறது. பழனி கூப்பிடுகிறார். பூமணி பட்டறை வாசலில் நிற்கிறாள், முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டு. குளிரில் நிற்காதே, உள்ளே வா என்றேன். மிஷின் நின்று, என் கையைப் பார்த்தபிறகுதான் வருவாளாம்.